சமித்தாய் எரிந்த இல்லறம்

ஆனந்தவனம் கண்ட பாபா ஆம்தே – சாதனா தாயி தம்பதியரின் தொண்டு வாழ்க்கை

வேள்வி என்றதும் கொழுந்துவிட்டு எரியும் அக்கினி நினைவுக்கு வருகிறது; நெய்யின் மணமும் மந்திர ஒலியும் நினைவுக்கு வருகின்றன. அந்த அக்கினிக்குத் தன்னையே தந்துவிட்டுச் சாம்பலாகும் சமித்தை எவரும் நினைவில் வைப்பதில்லை. நவக்கிரக ஹோமத்தில் சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் பலாசு, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி என்று ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய சமித்தைச் சாத்திரம் வகுத்திருக்கிறது. சமித்து இல்லையேல் ஆகுதி இல்லை. ஆயினும் வேள்வியைப் புகழ்வோர் தீயின் ஒளியைத்தான் புகழ்கின்றனர்.

தொழுநோயாளர்களுக்காக ஓர் ஊரையே உருவாக்கிய பாபா ஆம்தேயை உலகம் அறியும். அவருடைய துணைவியார் சாதனா ஆம்தே தம் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் எழுதியபோது, அந்நூலுக்குச் ‘சமிதா’ என்று பெயரிட்டார். சமிதா என்பது சமித்து. தம்மைப் பற்றி அவர் சொல்ல விரும்பியது முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

மனைவி உடனிருந்தாலன்றி இல்லறத்தான் வேள்வி செய்ய இயலாது என்பது நம் தர்மம். அசுவமேதம் செய்த இராமபிரான், சீதாபிராட்டி அருகில் இல்லாத நிலையில் பொன்னால் சீதையின் உருவம் சமைத்து வைத்துக்கொண்டார் என்கிறது உத்தர காண்டம். மனைவிக்குச் சகதர்மசாரிணி என்னும் பெயர் ஏற்பட்டதும் இதனாலேயே. அந்தப் பெயரின் முழுப்பொருளையும் வாழ்ந்து காட்டிய தம்பதியர் இவர்கள்.

செல்வத்தில் பிறந்தவர்

முரளீதர் தேவிதாஸ் ஆம்தே 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மராட்டிய மாநிலம் வார்தா மாவட்டத்து ஹிங்கண்காட்டில் பிறந்தார். நிலபுலன்கள் மிகுந்த குடும்பம். ‘பாபா’ என்பது துறவினாலோ தொண்டினாலோ வந்த பட்டப்பெயர் அன்று. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் இட்டழைத்த செல்லப்பெயர். சிறுத்தைத் தோல் போர்த்திய இருக்கைகள் கொண்ட மோட்டார் வண்டியில் உலா வந்தவர்; ஆங்கிலத் திரைப்படங்களுக்கு விமரிசனம் எழுதியவர். நாகபுரியில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

வழக்குமன்றத்தில் வாதாடும் பொழுதிலேயே அவர் மனம் வேறு திசையில் சென்றது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதானவர்களுக்காக வாதாடினார். தாமும் சிறை சென்றார். அருகிலிருந்த சேவாகிராமத்தில் அண்ணல் காந்தியடிகளிடம் ஈடுபாடு கொண்டார். ஒரு முறை இரயில் பயணத்தில், புதுமணப் பெண் ஒருத்தியிடம் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தகாத முறையில் நடந்துகொண்டதைக் கண்டு, தனியொருவராக அவர்களை எதிர்த்து அடிபட்டார். செய்தியறிந்த காந்தியடிகள் அவருக்கு ‘அபய சாதகர்’ என்று பெயர் சூட்டினார். அஞ்சாமையைச் சாதனையாகக் கொண்டவர் என்பது அதன் பொருள். அந்தப் பெயரே பின்னாளில் அவருக்கு ஒரு பெரும் சோதனையைக் கொண்டுவந்தது.

துணி துவைத்த கைகள்

நாகபுரியில் சமஸ்கிருதப் புலமையும் வைதிக ஒழுக்கமும் மிக்க குலே குடும்பத்தில் 1926-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பிறந்தவர் இந்து. அந்த இல்லத்தில் ஒரு திருமணம். வழக்கறிஞர் தொழிலில் பற்றிழந்து, தலைமுடி வளர்த்துச் சாது போலத் திரிந்துகொண்டிருந்த முரளீதர் அங்கே வந்திருந்தார். வீடு முழுவதும் கொண்டாட்டத்தில் திளைத்திருக்க, இந்து மட்டும் ஒருவரும் அறியாமல் கூட்டத்தை விட்டு விலகிக் கொல்லைப்புறம் சென்றதையும், அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த வயதான பணிப்பெண்ணுக்கு உதவியதையும் அவர் கண்டார். தமக்கு ஏற்ற துணை இவளே என்று அப்பொழுதே முடிவு செய்தார்; பெண்ணின் பெற்றோரிடம் சென்று கேட்டும்விட்டார்.

சாதுக்கோலத்தில் நின்ற ஒருவருக்குப் பெண் கொடுக்க எந்தக் குடும்பம் எளிதில் இசையும்? எனினும் இந்துவின் உள்ளம் அவரை ஏற்றது. 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் திருமணம் நடந்தேறியது. மராத்தியர் மரபுப்படி மணமகளுக்குப் புதுப்பெயர் இடப்பட்டது. இந்து, சாதனா ஆனார். பிற்காலத்தில் அனைவரும் அவரைச் சாதனா தாயி என்று அழைத்தனர். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்காள். தமிழ்ச் செவிக்கு அது தாய் என்று ஒலிப்பதும் பொருத்தமே.

பாணிக்கிரகணத்தில் கரம் பற்றியவர் அழைத்துச் சென்ற இடம், புக்ககத்துப் பெரிய மாளிகை அன்று. வரோராவில் அவர் அமைத்திருந்த சிரமாசிரமம் என்னும் உழைப்பாளர் குடியிருப்பு அது. வெவ்வேறு சாதியினரும், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தினரும் ஒரே கூரையின்கீழ் ஒரே அடுப்பில் சமைத்து உண்ட இடம். மடி ஆசாரத்தில் வளர்ந்த இருபது வயதுப் பெண், அங்கே அனைவருக்கும் பொதுவான அடுப்பைப் பேணினார். கணவரின் கொள்கையைச் சொல்லளவில் ஏற்பது எளிது. பிறந்தது முதல் பழகிய உணவையும் தீண்டல் வழக்கத்தையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்வது எத்தகைய தவம் என்பதை, இல்லத்தில் ஆசாரம் பேணும் பெண்கள் நன்கறிவர்.

அஞ்சாதவர் அஞ்சிய மாலை

வரோரா நகராட்சியில் துணைத் தலைவராக இருந்த ஆம்தே, துப்புரவுத் தொழிலாளரின் துயரைச் சொல்லால் அன்றிச் செயலால் அறிய விரும்பினார். தாமே மலக்கூடை சுமந்தார். அவ்வாறு சுமந்து சென்ற ஒரு மழைநாளில், வழியோரத்தில் கந்தல் மூட்டை போல ஏதோ கிடந்தது. அருகில் சென்று பார்த்தபோது, அது அசைந்தது. மனித உருவம். விரல்கள் இல்லை, புண்களில் புழுக்கள் நெளிந்தன. துளசிராம் என்னும் தொழுநோயாளர் அவர். இறுதிக் கட்டத்தில் இருந்தார்.

சிப்பாய்களை எதிர்த்து நின்ற அபய சாதகர், திரும்பி ஓடினார்.

வீட்டை அடைந்தவரை வெட்கம் வாட்டியது. அச்சத்தை வென்றவன் என்று மகாத்மாவே பெயரிட்ட ஒருவன், நோயுற்ற ஒரு மனிதனைக் கண்டு ஓடலாமா? மீண்டும் சென்றார். மழை படாமல் கொட்டகை அமைத்தார். தம் கையால் உணவூட்டினார். துளசிராம் பிழைக்கவில்லை. ஆனால் அந்த அச்சம் ஆம்தேயை விடவில்லை. அச்சம் உள்ள இடத்தில் அன்பு இருக்க இயலாது. அன்பு இல்லாத இடத்தில் இறைவன் இருக்க இயலாது என்று உணர்ந்தார். அச்சத்தை வெல்ல ஒரே வழி, தொழுநோயாளரோடு வாழ்வதே என்று தீர்மானித்தார்.

தீர்மானித்ததை மனைவியிடம் சொன்னார். பள்ளிப்பருவம் எட்டாத இரண்டு ஆண்மக்கள் அப்பொழுது அவர்களுக்கு. மூத்தவர் விகாஸ், இளையவர் பிரகாஷ். தொழுநோய் என்றால் ஊரே கதவடைத்த காலம். பெற்ற தாய் ஒருத்தி, தன் குழந்தைகளை எடுத்துக்கொண்டு அந்நோயாளரின் நடுவே குடியேறச் சம்மதிக்க வேண்டும். சாதனா சம்மதித்தார். ஆம்தே துளசிராமிடம் திரும்பிச் சென்ற நிமிடத்தைப் பலரும் போற்றுவர். அவருடைய துணைவியார் சரி என்று தலையசைத்த நிமிடம் அதனினும் சிறியது அன்று. கணவர் அஞ்சியது தமக்காக. தாய் அஞ்ச வேண்டியிருந்தது தம் மக்களுக்காக.

மருத்துவம் கற்ற வழக்கறிஞர்

இரக்கம் மட்டும் நோயைப் போக்காது என்பதை ஆம்தே அறிந்திருந்தார். 1949-இல் கல்கத்தா சென்று, வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் தொழுநோய்ச் சிகிச்சை பயின்றார். நோயை உண்டாக்கும் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலவில்லை. அதனால் ஆராய்ச்சி தடைப்பட்டு நின்றது. மனித உடலில் செலுத்திப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டபோது, ஆம்தே தம் உடலையே அளித்தார். கிருமிகள் அவருக்குள் செலுத்தப்பட்டன. நோய் அவரைப் பற்றவில்லை. ஆய்வு அவ்வகையில் பயனளிக்காமல் போயிற்று. ஆனால் வரோராவில் இரண்டு குழந்தைகளோடு காத்திருந்த மனைவியும் அந்தச் சோதனையில் பங்கேற்றார் என்றே கொள்ளவேண்டும்.

டாப்சோன் முதலான சல்போன் மருந்துகள் அக்காலத்தில்தான் இந்தியாவில் பரவத் தொடங்கியிருந்தன. வரோரா திரும்பிய ஆம்தே, சுற்றுப்புறக் கிராமங்களில் முறைவைத்துச் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1949-இல் மகாரோகி சேவா சமிதி தோன்றியது. மகாரோகம் என்பது, தமிழில் நம் முன்னோர் வழங்கிய பெருநோய் என்னும் சொல்லுக்கு நேரானது.

பதினான்கு ரூபாயும் ஒரு பசுவும்

சமிதிக்கு அரசு ஒதுக்கிய நிலம் வரோராவுக்கு அருகில் 50 ஏக்கர். பாறையும் முட்புதரும் நிறைந்த தரிசு. பாம்பும் தேளும் குடிகொண்ட காடு. 1951-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆம்தே குடும்பம் அங்கே குடியேறியது. உடன் வந்தவர் ஆறு தொழுநோயாளர், கையிருப்பு 14 ரூபாய், கால் ஊனமுற்ற பசு ஒன்று, நாய் ஒன்று. ஆசாரிய வினோபா பாவே அந்த இடத்தைத் தொடங்கிவைத்தார். ஆனந்தவனம் என்று அதற்குப் பெயர் இட்டனர். காசி க்ஷேத்திரத்துக்கு ஆனந்தவனம் என்றொரு பெயருண்டு என்பதைப் பக்தர்கள் அறிவர்.

முதல் தேவை தண்ணீர். கோடை வெயிலில், விரலிழந்த கைகள் கடப்பாரை பிடித்துப் பாறையைப் பிளந்து கிணறு தோண்டின. தண்ணீர் கண்ட பின்னர் பயிர் வளர்ந்தது. சாதனா தாயி பசுக்களைக் கறந்தார், மண் குழைத்தார், நோயாளர்க்கும் தம் மக்களுக்கும் ஒரே பாத்திரத்தில் சமைத்தார். தம் குழந்தைகளுக்கு என்று தனி அடுப்பு மூட்டவில்லை.

தானம் மனிதனைத் தாழ்த்தும், உழைப்பு அவனை நிமிர்த்தும் என்பது பாபா ஆம்தே கொண்ட கொள்கை. தொழுநோய் நரம்புகளைத் தாக்கிக் கை கால்களின் உணர்ச்சியைப் பறிக்கிறது. சுட்டாலும் வெட்டினாலும் வலி தெரிவதில்லை. அதனாலேயே புண்கள் பெருகி விரல்கள் சிதைகின்றன. ஆயின் உடலின் உணர்ச்சியைக் காட்டிலும் முதலில் மரத்துப்போவது தன்மதிப்பே என்று அவர் கண்டார். மருந்து கிருமியைக் கொல்லும். தன்மதிப்பை மீட்க, தன் கையால் விளைத்த உணவைத் தானும் உண்டு பிறருக்கும் அளிக்கும் நிலை வேண்டும். ஆனந்தவனத்தின் மருத்துவம் இந்த இரண்டும் சேர்ந்தது.

வாங்க ஆளில்லாத பால்

காய்கறி மிகுதியாக விளைந்தது, பால் பெருகியது. விற்க வரோரா சந்தைக்குக் கொண்டுசென்றபோது வாங்க ஆளில்லை. தொழுநோயாளர் தொட்டது என்று மக்கள் ஒதுங்கினர். நிலம் கொடுத்த பயிரை ஊர் ஏற்கவில்லை.

அந்தச் சுவரை இடித்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். பன்னாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்றின் தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து ஆனந்தவனம் வந்து, மாதக்கணக்கில் தங்கி, நோயாளரோடு சேர்ந்து மருத்துவமனைக் கட்டடங்களை எழுப்பினர். அவர்கள் விளைத்ததை உண்டனர். கடல் கடந்து வந்தவர் உண்பதை நாம் ஏன் ஒதுக்கவேண்டும் என்று ஊரார் எண்ணத் தலைப்பட்டனர். மெல்ல மெல்லப் பாலும் காய்கறியும் விலைபோயின.

1964-இல் நடந்தது அதனினும் வியப்பு. ஆனந்தவனத்தார் தம் உழைப்பால் ஒரு கல்லூரியை எழுப்பினர். ஆனந்த நிகேதன் என்னும் அக்கல்லூரியில் பயில வந்தவர்கள், ஒரு காலத்தில் அவர்களிடம் பால் வாங்க மறுத்த சுற்றுவட்டாரத்து மக்களின் பிள்ளைகள். ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கியவர்களின் மக்களுக்குக் கல்விக்கூடம் கட்டித் தந்தனர். பழிக்கு ஈடாக நன்மை செய்வது சான்றோர் இயல்பு என்று நூல்கள் சொல்வதை, பிச்சையேந்தித் திரிந்திருக்கவேண்டிய கைகள் செய்து காட்டின.

ஆனந்தவனத்தின் அன்னை

கட்டடங்களும் கழனிகளும் பாபாவின் பெயரைச் சொல்கின்றன. அங்கே வாழ்ந்தோரின் இல்லங்கள் சாதனா தாயியின் பெயரைச் சொல்கின்றன.

தொழுநோயாளர் இழப்பது உடல் நலத்தை மட்டும் அன்று. பெற்றோர், கணவன், மனைவி, மக்கள் என்று ஒவ்வோர் உறவும் அறுந்துவிடும். நோய் நீங்கிய பிறகும் வீடு அவர்களை ஏற்பதில்லை. அத்தகையோர்க்கு ஆனந்தவனத்தில் திருமணங்கள் நடந்தன. புதிய குடும்பங்கள் தோன்றின. தொழுநோய் பரம்பரை நோய் அன்று. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் நலமாகவே வளர்ந்தனர். பெற்றோரற்ற குழந்தைகளுக்குக் கோகுலம், ஆதரவற்ற முதியோர்க்கு உத்தராயணம், பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் என்று அவ்வூர் விரிந்தது. அந்த ஊருக்கெல்லாம் தாயாக இருந்தவர் சாதனா.

பெயரும் புகழும் பாபாவைத் தேடி வந்தன. 1971-இல் பத்மஸ்ரீ, 1985-இல் மகசேசே விருது, 1986-இல் பத்ம விபூஷண், 1990-இல் டெம்பிள்டன் பரிசு, 1999-இல் காந்தி அமைதிப் பரிசு. விருது பெற அவர் சென்ற நாள்களிலும் ஆனந்தவனத்துப் பசுக்களைக் கறக்கவேண்டியிருந்தது. நோயாளர்க்கு உணவு வேண்டியிருந்தது. சமித்து என்னும் பெயரைத் தமக்கு அவர் சூட்டிக்கொண்டதில் குறையுணர்ச்சி இல்லை. தீயில் தன் பங்கு எது என்ற தெளிவு இருந்தது.

மக்கள் வழி மருத்துவம்

தொண்டில் மூழ்கிய பெற்றோரின் பிள்ளைகள் அந்தத் தொண்டையே வெறுத்து விலகிய கதைகள் பல உண்டு. ஆம்தே குடும்பத்தில் அவ்வாறு நிகழவில்லை. விகாஸ், பிரகாஷ் இருவருமே மருத்துவம் பயின்றனர். வந்த மருமக்கள் பாரதி, மந்தாகினி இருவரும் மருத்துவர்களே. விகாஸ் தம்பதியர் ஆனந்தவனப் பொறுப்பை ஏற்றனர்.

இளைய மகன் சென்ற இடம் இன்னும் கடினமானது. இன்றைய கட்சிரோலி மாவட்டத்துப் பாம்ரகட் பகுதி, இந்திராவதி உள்ளிட்ட மூன்று நதிகள் கூடும் அடர்ந்த காடு. மாடியா கோண்டு பழங்குடியினர் அங்கே மருத்துவ வசதி ஏதுமின்றி வாழ்ந்தனர். 1973-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹேமல்கசா என்னும் சிற்றூரில் லோக் பிராதரி பிரகல்பம் என்னும் பணியைப் பாபா தொடங்கினார். அதை நடத்த முன்வந்தவர் பிரகாஷ். நாகபுரியில் பயின்றுகொண்டிருந்த மேற்படிப்பைத் துறந்தார். மயக்க மருந்து நிபுணரான மந்தாகினியும் உடன் சென்றார். மொழி தெரியாத காட்டில், மின்விளக்கும் இல்லாத குடிசையில் அந்த இளந்தம்பதியர் சிகிச்சை தொடங்கினர். 2008-இல் மகசேசே விருது அவர்கள் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

ஆனந்தவனத்துக்குச் சென்றபோது சாதனா செய்ததை, ஹேமல்கசாவுக்குச் சென்றபோது மந்தாகினி செய்தார். மாமியார் மருமகளுக்கு அளிக்கும் சீர் நகையும் புடவையுமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்று இக்குடும்பம் காட்டுகிறது.

குமரி முனையிலும் நர்மதைக் கரையிலும்

பாபா ஆம்தேயைக் கடுமையான முதுகெலும்பு நோய் பற்றியது. உட்கார இயலாது, நிற்கலாம் அல்லது படுக்கலாம். அந்த நிலையிலும், எழுபத்தோராம் வயதில், 1985 டிசம்பரில் நம் கன்னியாகுமரியிலிருந்து ‘பாரதத்தை இணைப்போம்’ என்னும் யாத்திரையைத் தொடங்கினார். பகவதியம்மன் தவமியற்றும் முனையிலிருந்து புறப்பட்டு, 116 இளைஞரும் இளம்பெண்களும் மிதிவண்டியில் காஷ்மீரம் நோக்கி ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தனர். பாபா வண்டியில் படுத்தபடியே உடன் சென்றார். பகையால் பிளவுற்றிருந்த நாட்டை ஒற்றுமைப்படுத்துவதே அந்த யாத்திரையின் நோக்கம்.

1990-இல் மீண்டும் ஒரு குடிபெயர்ச்சி. நர்மதை அணைகளால் வீடிழக்கும் எளியோர்க்குத் துணையாக நிற்க, மத்தியப் பிரதேசத்தில் அந்நதிக்கரைச் சிற்றூரான கஸ்ராவதில் சென்று தங்கினார். பெற்றிருந்த பத்ம விருதுகளையும் அரசிடம் திருப்பியளித்தார். அணை பற்றிய கருத்துகள் பலவாறு இருக்கலாம். நாற்பதாண்டு உழைப்பால் சோலையான ஆனந்தவனத்தை விட்டு, அறுபதைக் கடந்த வயதில் மீண்டும் ஒரு குடிலில் அடுப்பு மூட்டச் சாதனா தாயியும் உடன் சென்றார் என்பது மட்டும் அனைவரும் வியக்கத்தக்கது. பக்தர்கள் புண்ணியம் தேடி வலம் வரும் நதியின் கரையில், நடக்க முடியாத கணவரைப் பேணுவதையே அவர் தம் பிரதட்சிணமாகக் கொண்டார்.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், 93-ஆம் வயதில் பாபா ஆம்தே ஆனந்தவனத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் தகனம் செய்யப்படாமல் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மண்ணுக்கு உரமாக வேண்டும் என்பதே அவர் எண்ணம். மூன்றாண்டுகள் கழித்து, 2011-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், 85-ஆம் வயதில் சாதனா தாயியும் ஆனந்தவனத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

கோயில் வாசலில்

இத்தம்பதியரின் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? விடை தேட வரோரா வரை செல்லவேண்டியதில்லை. நம் கோயில் வாசலிலேயே அது காத்திருக்கிறது.

தொழுநோய் பாவத்தின் சம்பளம் என்னும் எண்ணம் இன்னும் பலர் மனத்தில் உள்ளது. புராணங்களை ஊன்றிப் படிப்போர் வேறொன்றையும் காண்பர். கண்ணபிரானின் மகன் சாம்பனுக்கே அந்நோய் வந்து, சூரிய வழிபாட்டால் நீங்கியது. கோனேரிராஜபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லத்தில் புரூரவச் சக்கரவர்த்தியின் நோய் நீங்கியதைத் தலபுராணம் சொல்கிறது. வைணவ மரபில், தம் ஆசாரியரின் பிணியையே பிரசாதமாகக் கேட்டுப் பெற்ற மாறனேர் நம்பியும், அவருக்கு ஊர் எதிர்த்தும் ஈமக்கடன் செய்த பெரிய நம்பியும் போற்றப்படுகின்றனர். நோயுற்றவரை இறைவன் விலக்கியதாக எந்தத் தலத்திலும் வரலாறு இல்லை. அழைத்து ஆட்கொண்டதாகவே வரலாறு.

மருத்துவமும் இன்று அதையே சொல்கிறது. மனிதரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதம் அல்லது ஓராண்டில் முற்றிலும் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடும். தொடக்கத்திலேயே மருந்து உட்கொண்டால் உடற்குறை நேராது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை 2005 இறுதியில் நம் நாடு எட்டியது. எனினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. வெட்கத்தால் மறைப்பதே பலரை ஊனமாக்குகிறது.

சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. கணவனோ மனைவியோ தொழுநோய் கொண்டிருந்தால் மணவிலக்குக் கோரலாம் என்று 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் இடமிருந்தது. 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. அக்கினி சாட்சியாகப் பற்றிய கையை, அது நோயுற்றபோது விட்டுவிடலாம் என்று அறுபத்து நான்கு ஆண்டுகள் சட்டம் சொல்லி வந்தது. நோயுற்ற அயலார் கைகளையும் பற்றிக்கொண்டு வாழ்ந்த ஒரு தம்பதியர் அதே நாட்டில், அதே காலத்தில் இருந்தனர்.

தானம் கூடாது என்பதன்று இதன் கருத்து. பகவத்கீதை தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. மதிப்பின்றி, இகழ்ச்சியோடு தரப்படுவது தாமச தானம் என்று அது விலக்குகிறது. கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல் படாமல் நாணயத்தை வீசிச் செல்வது எவ்வகையில் சேரும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். இடும்பொழுது முகத்தைப் பார்த்து இடலாம். பெயரைக் கேட்கலாம். உடலில் வலுவுள்ளவர்க்கு ஒரு வேலையும், சிகிச்சை பெறாதவர்க்குச் சுகாதார நிலையத்துக்குத் துணையும் அளிக்கலாம். தொழுநோயிலிருந்து குணமானோர் நெய்த துணியையும் விளைத்த பொருளையும் தயங்காது வாங்கலாம்.

இவற்றைக் கணவன் மனைவி இருவரும் கலந்து செய்தால் அது இல்லறத்தின் வேள்வியாகும். ஆனந்தவனம் பதினான்கு ரூபாயோடு தொடங்கியது. தொடங்குவதற்கு அதனினும் குறைவாக எவரிடமும் இல்லை.